குரலை எழுப்புவது தொண்டையா, மூச்சா?

காரைக்குடிப் பக்கம் கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போட்டால், இரவு பத்து மணிக்கு மேல்தான் களை கட்டும். முடியும்போது விடிந்துவிடும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டும் தர்க்கமுமாக அத்தனை மணி நேரம் நின்றுவிட்டு, மறுநாள் வேறு ஊரில் மேடை ஏறுகிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். ‘அரோகரா’ போட்டுப் போட்டுச் சிலருக்கு இரண்டாம் நாளே தொண்டை கட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் இருப்பது ஒரே மாதிரித் தொண்டைதானே? பின் வித்தியாசம் எங்கே?

பெரும்பாலும் மூச்சில். குரலுக்கு வேண்டிய விசை முழுவதும் நுரையீரலிலிருந்து வருகிற காற்றின் அழுத்தத்திலிருந்துதான் கிடைக்கிறது. தொண்டை அந்தக் காற்றை ஒலியாக மாற்றித் தருகிற இடம், அவ்வளவே. இது தெரியாமல்தான் பலரும் குரல் பெரிதாக வேண்டும் என்றதும் தொண்டையை இறுக்குகிறோம். ஆசிரியர், மேடைப் பேச்சாளர், பாடுகிறவர், கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளரோடு பேசுகிறவர் என்று யாராக இருந்தாலும், உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் குரலைக் காப்பாற்றிக்கொள்வது எளிது.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது? கழுத்தின் முன்பக்கம் சங்கு என்று சொல்கிறோமே, அங்கே இரண்டு விரலை வைத்து ‘ஆ’ என்று சொல்லுங்கள். விரலில் ஓர் அதிர்வு தெரியும். இப்போது பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று மட்டும் காற்றை விடுங்கள். அதிர்வு இருக்காது. அதிர்ந்தவை குரல்நாண்கள் (குரல்வளைக்குள் இடமும் வலமும் எதிரெதிரே இருக்கிற இரண்டு மெல்லிய தசை மடிப்புகள்). அவற்றில் அதிரும் பகுதி வளர்ந்த ஆணுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், பெண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மூச்சு விடும்போது இரண்டும் விலகி நிற்கும். பேச நினைத்ததும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டவற்றை அதிரச் செய்வது யார்? மூளை ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு கட்டளை அனுப்புகிறதா? உங்களுக்கு மட்டும் வரும் சந்தேகம் இல்லை இது. 1950-இல் பிரான்சில் ரவுல் ஹுசோன் என்ற ஆய்வாளர் அப்படித்தான் சொன்னார். ஆனால் வளர்ந்த பெண்ணின் சாதாரணப் பேச்சில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை திறந்து மூடுகின்றன. உச்ச ஸ்தாயியில் பாடும்போது இது இன்னும் பல மடங்கு. அத்தனை வேகத்தில் தனித்தனியாகச் சுருங்கி விரியத் தசையால் முடியாது. ஹுசோனுக்கும் வெகுகாலம் முன்பே, 1741-இல், அந்துவான் ஃபெரேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பிக் காட்டியிருந்தார். உயிரும் நரம்பும் இல்லாத குரல்வளை, காற்று மட்டும் பட்டு ஒலிக்கிறது. இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1958-இல் நெதர்லாந்தின் யான்வில்லெம் வான் டென் பெர்க் இந்த வழியில் கொடுத்த விளக்கமே, திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது. மடிப்புகளை நெருக்கி வைப்பதும், வேண்டிய அளவு இழுத்து வைப்பதும் மூளையின் வேலை. அதிர வைப்பது காற்று.

நம் தொல்காப்பியத்தில் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும் பிறப்பியல், உந்தியிலிருந்து எழுகிற காற்றில்தான் தொடங்குகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களும் அதன் பிறகுதான் வருகின்றன. காற்றை முதலில் வைத்த அந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டோ பேச்சோ கற்றுக்கொடுக்கிற எவரும் அந்த வரிசையில்தான் தொடங்க வேண்டும்.

காற்று எப்படி அதிர வைக்கும்? உதட்டை மூடிக்கொண்டு, குழந்தைகள் பஸ் ஓட்டி விளையாடுவது போல ‘புர்ர்ர்’ என்று ஊதிப் பாருங்கள். உதட்டை நீங்கள் ஒவ்வொரு முறையும் திறந்து மூடவில்லை. தளர்வாக மூடி வைத்தீர்கள், ஊதினீர்கள், மற்றதை உதடும் காற்றும் பார்த்துக்கொண்டன. குரல்நாண்களும் அப்படியே. கீழே காற்று சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் மடிப்புகளைப் பிளந்துகொண்டு ஒரு சிறு காற்று வெளியேறுகிறது. மடிப்புகளுக்கு இழுபட்டுத் திரும்புகிற தன்மை உண்டு, அதனால் மறுபடி மூடிக்கொள்கின்றன. மறுபடி அழுத்தம், மறுபடி திறப்பு. மேலே போகிற காற்று இப்படித் துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. அந்தத் துண்டுகள்தான் ஒலி. அதை ‘அ’ ஆக்குவதும் ‘இ’ ஆக்குவதும் தொண்டையும் வாயும் நாக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். காற்று திறந்துவிட்டால் திறந்தபடியே நிற்க வேண்டியதுதானே? அதிர்வு ஏன் அடங்காமல் தொடர்கிறது? இடுக்கில் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைந்து மடிப்புகளை உள்ளிழுக்கும் என்று பல புத்தகங்கள் சொல்லி முடித்துவிடும். அது பாதி விடைதான். மீதிப் பாதி மடிப்பின் உருவத்தில் இருக்கிறது. மடிப்பின் மேல்தோல் ஈரமானது, நெகிழ்வானது. அதன் கீழ் விளிம்பு முதலில் விலகும், மேல் விளிம்பு ஒரு கணம் பிந்தி விலகும். ஆகவே திறக்கும்போது இடுக்கு கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். உள்ளே அழுத்தம் நிற்கும், விலகுகிற மடிப்பை மேலும் விலக்கும். மூடும்போதும் கீழ் விளிம்பே முந்திக்கொள்வதால் உருவம் தலைகீழாகும். உள்ளே அழுத்தம் விழும், மூடுவது எளிதாகும். போகிற திசையிலேயே ஒவ்வொரு முறையும் காற்று துணை நிற்கிறது. அதனால்தான் மூச்சு இருக்கிற வரை அதிர்வு ஓய்வதில்லை.

இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த ஏற்பாடு முழுக்க அந்த மேல்தோலின் நெகிழ்வையும் ஈரத்தையும் நம்பி இருக்கிறது. சளிப் பிடித்து மடிப்பு வீங்கினால், அல்லது உலர்ந்து பிசுபிசுத்தால், அதே குரலுக்கு அதிக அழுத்தம் தேவைப்படும். ஜலதோஷத்தின்போது பேசினாலே களைப்பு வருகிறதே, காரணம் இதுதான்.

சரி, எவ்வளவு அழுத்தம் வேண்டும்? இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவை ஸ்கேலால் அளந்து 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூழ்க விடுங்கள். குமிழி மெல்ல வருகிற அளவுக்கு மட்டும் ஊதுங்கள். இப்போது உங்கள் நுரையீரல் கொடுத்தது 6 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம். சாதாரணப் பேச்சுக்கு வேண்டியது ஏறத்தாழ 5 முதல் 10 சென்டிமீட்டர்தான். மெல்லிய குரல் எழ 3, 4 சென்டிமீட்டரே போதும். உரக்கப் பேசினால் 20-ஐத் தொடும், சிலர் முழுக்குரலில் பாடும்போது அதற்கும் மேலே போகும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 1,033 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அழுத்தத்தில் நாம் ஒரு நாள் முழுக்கப் பேசிவிடுகிறோம்! குமிழி விடச் செலவான முயற்சியை நினைவில் வையுங்கள். வகுப்பிலோ மேடையிலோ கழுத்து நரம்பு புடைத்தால், தேவைக்கு மேலே எங்கோ இறுக்கம் விழுகிறது என்று பொருள்.

பாடுகிறவர்களுக்குச் சுருதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்குச் சுமார் 208. மேல் சட்ஜத்துக்குப் போனால் இரண்டும் இரட்டிப்பாகும். மடிப்பை நீட்டி இழுத்தால் அதிர்வு கூடும், தளர்த்தினால் குறையும். குரல்வளையின் சிறு தசைகளுக்கு அதுதான் வேலை.

ஆனால் காற்றின் அழுத்தமும் சுருதியை நகர்த்தும். ஒரு சென்டிமீட்டர் அழுத்தம் கூடினால் நொடிக்குச் சில அதிர்வுகள் கூடும். கத்தும்போது குரல் தானாக மேலே ஏறுவது இதனால்தான். நீண்ட கார்வையின் கடைசியில் புதிதாகப் பாடுகிறவருக்குச் சுருதி இறங்கிவிடுகிறதே, அதுவும் பல நேரம் காதின் குறை அல்ல. மூச்சு தீரத் தீர அழுத்தம் விழுகிறது, சுருதியும் கூடவே விழுகிறது. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்று கவனியுங்கள்.

பையன்களுக்குக் குரல் உடைவது இன்னொரு கதை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்திலும், அதன் பின் வந்த, சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளிலும் எல்லோரும் பயந்த ஒன்று, மகரக்கட்டு என்கிற இந்தக் குரல் உடைவு. பதின்ம வயதில் குரல்வளை சில மாதங்களில் மளமளவென்று வளர்கிறது. மடிப்பு நீளமும் தடிமனும் கூடுகிறது. பழைய அழுத்தத்துக்கும் பழைய இழுப்புக்கும் பழகிய பையனுக்குப் புதுக் கருவி பிடிபடவில்லை, குரல் நடுவில் பிளக்கிறது. இது நோய் அல்ல. உங்கள் வீட்டுப் பையன் அந்தப் பருவத்தில் இருந்தால், பழைய சுருதியில்தான் பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தாழ்ந்த சுருதியில் மெதுவாகப் பாடட்டும். குரல் தானே நிலைபெறும்.

இனி, உரக்கப் பேசுவதைப் பார்ப்போம். சத்தம் பெரிதாக மடிப்புகள் அகலமாக விலகி, பளிச்சென்று மூட வேண்டும். அழுத்தம் கூடினால் இது நடக்கும், மோதலும் அதற்கேற்பக் கடுமையாகும். ஓர் ஆசிரியை நாற்பது நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் குரல் எழுப்புகிறார் என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 200 வீதம் 2,40,000 முறை அந்த மடிப்புகள் ஒன்றையொன்று மோதுகின்றன. ஒரு நாளில் ஐந்து வகுப்பு என்றால் பன்னிரண்டு லட்சம். இறுக்கிப் பேசினால் ஒவ்வொரு மோதலும் அடியாக விழும். நாளடைவில் இரண்டு பக்கமும் மோதுகிற இடத்தில் சிறு தடிப்பு உண்டாகும். இதைக் குரல்நாண் முடிச்சு (ஓயாத உரசலால் வரும் காய்ப்பு) என்பார்கள். அது வந்தால் மடிப்புகள் சரியாக மூடாது, காற்று கசியும், கசிவை ஈடுகட்ட இன்னும் இறுக்குவோம். அங்கே தொடங்குகிற சுழல்தான் பல ஆசிரியர்களின் குரலைத் தின்கிறது. நல்ல செய்தி, பெரும்பாலும் கத்தி வைக்காமல் குரல் பயிற்சியாலேயே இதைச் சரிசெய்யலாம்.

அப்படியானால் எப்படி உரக்கப் பேசுவது? மூச்சின் நடுப்பகுதியில் பேசுங்கள். நெஞ்சு வெடிக்கும்படி மூச்சு எடுத்தால், விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்கப் பார்க்கும். அந்த அழுத்தமே பேச்சுக்கு அதிகம், அதைத் தடுக்கத் தொண்டை இறுகும். மூச்சு அடிமட்டத்துக்குப் போன பிறகும் வாக்கியத்தை முடித்தே தீருவேன் என்று பேசினால், அழுத்தம் போதாமல் மறுபடி தொண்டை இறுகும். வயிறு விரிய, அவசரமில்லாமல், நடுத்தர மூச்சு எடுங்கள். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். காற்புள்ளியில் மூச்சு வாங்குங்கள். பாதயாத்திரையில் ஏற்றத்தில் மூச்சு இரைக்கிறபோது அரோகரா போடாமல், நின்று இளைப்பாறிய பிறகு போடுங்கள். மேலே சொன்ன தொண்டைக்கட்டின் மூலம் பெரும்பாலும் இதுதான். நடைக்கு மூச்சு போய்விடுகிறது, குரலுக்கு மிஞ்சுவது தொண்டையின் இறுக்கம் மட்டுமே.

மைக் இருக்கும்போது கத்துவது வீண் செலவு. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவின் பெயரைச் சொன்னதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பட்டிமண்டபமும் நினைவுக்கு வரும். அந்த மேடை மரபு நமக்குக் கொடுத்த தமிழ் பெரிது. ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிற சிலர், முழக்கம் என்றால் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். தயவுசெய்து அப்படிப் பழக்காதீர்கள். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, வேகத்தைக் குறைத்து, எழுத்துகளைத் தெளிவாக உச்சரித்தாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டில் இருக்கிற ஆச்சியைக் கூப்பிட வேண்டுமா? எழுந்து நாலு எட்டு நடந்துவிடுங்கள்.

முளைப்பாரிக்கும் பொங்கலுக்கும் போடுகிற குலவை தொண்டையைக் கெடுக்குமா? ஆடுவது நாக்குதான் என்றாலும் ஒலி பிறப்பது குரல்நாண்களில், அதுவும் உயர்ந்த சுருதியில். தளர்வாக, சிறு சிறு மூச்சில் போட்டால் கெடுதல் இல்லை. தொண்டை கட்டியிருக்கிற நாளில் மட்டும் பக்கத்தில் இருப்பவர் போடட்டும்.

டம்ளரும் ஸ்ட்ராவும் எடுத்தீர்கள் அல்லவா, அவற்றை வைத்தே ஒரு நல்ல பயிற்சியும் உண்டு. ஸ்ட்ரா இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மூழ்கியிருக்க, குமிழி விட்டுக்கொண்டே ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். சுருதியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். வாய்ப்பக்கம் ஓர் எதிர் அழுத்தம் நிற்பதால் மடிப்புகள் மென்மையாகத் தொட்டு அதிரும், மோதல் குறையும். வகுப்புக்கு முன் மூன்று நிமிடம், பின் மூன்று நிமிடம் போதும். ஸ்ட்ரா இல்லாவிட்டால் உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று இசைத்தாலும் ஓரளவு பலன் உண்டு.

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் குரலைத் திறக்குமா? விழுங்குகிற எதுவும் குரல்நாண்களைத் தொடாது. தொட்டால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவீர்கள். உணவு போகும் வழி வேறு, காற்று போகும் வழி வேறு. இவை தொண்டையின் உறுத்தலை ஆற்றும், எச்சிலை ஊற வைக்கும். அந்த அளவில் நல்லவைதான். குரல்நாணை நேரே போய்த் தொடுவது நீங்கள் மூச்சோடு இழுக்கிற காற்றும், அதிலுள்ள ஈரமும் புகையும்தான். ஆகவே ஆவி பிடிப்பது நேரடி உதவி. தண்ணீர் குடிப்பது உடம்பின் வழியாக மெதுவாக உதவும், பேச ஆரம்பித்த பிறகு குடித்து உடனே பலன் எதிர்பார்க்க முடியாது. புகைபிடிப்பது நேரடிக் கேடு.

தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசலாமா? கிசுகிசுப்பில் மடிப்புகள் அதிர்வதில்லை என்பது உண்மை. ஆனால் பிறருக்குக் கேட்க வேண்டும் என்று அழுத்திக் கிசுகிசுக்கும்போது பலருக்கும் குரல்வளை இறுகிப்போகிறது. பேசாமல் இருப்பது மேல். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவான இயல்புக் குரலில் பேசுங்கள். அடிக்கடி கனைத்துத் தொண்டையைச் சரிசெய்கிற பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொரு கனைப்பும் மடிப்புகளை ஓங்கி மோத வைக்கிறது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்கினால் அதே ஆறுதல் கிடைக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? சளியோடு வந்த கம்மல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் கரகரப்பாகவே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். புகையிலை, வெற்றிலையோடு புகையிலை, பீடி, மது பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. குரல்வளைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பல நேரம் இந்தக் கரகரப்புத்தான், தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், சளியில் இரத்தம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

குரல் போனதற்குக் காரணம் தொண்டையிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இடது குரல்நாணுக்கு வருகிற நரம்பு நேராக வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சுக்குள் இருக்கிற ஒரு கட்டிகூடக் குரலைக் கம்ம வைக்கலாம். தைராய்டு அறுவைக்குப் பிறகு சிலருக்குக் குரல் மாறுவதும், இதே நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டிப் போவதால்தான். ஒரு பக்க மடிப்பு நகராவிட்டால் இரண்டும் சேராது, அழுத்தம் நிற்காது, காற்று வீணாகும். அப்படிப்பட்டவர் நாலு வார்த்தை பேசியதும் மூச்சு வாங்குவார்.

பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 1854-இல் மானுவல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று மெல்லிய கேமராக் குழாயை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ விட்டுச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் பயன்படுத்தினால் நொடிக்கு இருநூறு அதிர்வையும் மெதுவாக ஓடும் படம் போல் காணலாம். நம் மாவட்டத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூன்று வாரம் தாண்டிய கரகரப்போடு உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.